பழைய மாருதி 800-இல் மெல்லிய ‘டிக் டிக்’: இன்ஜினை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேட்டவரின் வண்டி 1998-ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் மாடல். ஐடிலில் நிற்கும்போது போனட்டுக்குள்ளிருந்து மெல்லிய ‘டிக் டிக்’ சத்தம் சீராக வருகிறது, இன்ஜின் சூடானபின்னும் போவதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமெடுத்து, பிறகு இன்ஜின் இரைச்சலில் மறைந்துவிடுகிறது. பிக்கப் குறையவில்லை, ஆயில் விளக்கும் எரியவில்லை. ஒரு மெக்கானிக் “பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்” என்கிறார். இன்னொருவர் கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் ஒதுக்கி வையுங்கள். சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது, இன்ஜின் சுழற்சியோடு எந்தக் கணக்கில் வருகிறது, சூடு ஏறும்போது அது கூடுகிறதா குறைகிறதா என்ற மூன்றையும் பார்க்காமல் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பும் ஊகம்தான். இந்த மூன்றையும் வீட்டு வாசலிலேயே, அதிகச் செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

முதலில் உங்கள் இன்ஜினின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. இது 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட சிறிய இன்ஜின். மேலே ஒரே கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளை இயக்கும் சுழல்தண்டு. அதை டைமிங் பெல்ட் சுழற்றுகிறது. சிலிண்டருக்கு இரண்டு வீதம் ஆறு வால்வுகள். ஒவ்வொன்றையும் ஒரு ராக்கர் ஆர்ம் அழுத்தித் திறக்கிறது. வால்வின் தண்டு சூட்டில் நீளும் என்பதால், ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம் அளவுக்கு இடைவெளி வைத்தே இதை வடிவமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும் மெல்லிய தட்டல் இயல்பானது. ஆகவே இந்த வகை இன்ஜினில் சத்தமே இருக்கக்கூடாது என்று எதிர்பார்ப்பது தவறு; முன்பு இல்லாத அளவுக்குக் கேட்கிறதா, ஆறு வால்வும் ஒன்றுபோல் ஒலிக்காமல் ஒன்று மட்டும் தனித்துக் கேட்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைந்து பத்து நிமிடமாவது ஆன பிறகு டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி செருகி எடுங்கள். அளவு கீழ்க்கோட்டுக்கு அருகில் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் ஆயில் பம்ப் அனுப்பும் ஆயில் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்களால் சுழலும் தண்டின்) பேரிங்குகளைக் கடந்து கடைசியாகத்தான் மேலே ராக்கர்களுக்கு வந்து சேருகிறது. அழுத்தம் குறையும்போது முதலில் வறள்வது அந்த இடம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் தவறுதான்: கிராங்க் ஆயிலை அடித்துக் கலக்கி, நுரை ஏறிய ஆயிலை பம்ப் மேலே அனுப்பும். கடைசியாக ஆயில் மாற்றியபோது போட்ட ஃபில்டர் நம்பகமான கடையில் வாங்கியதுதானா என்றும் யோசித்துப் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. போலி ஃபில்டர்களில் அது வேலை செய்யாததால் இரவு முழுவதும் ஆயில் கீழே இறங்கிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் வறண்ட தட்டல் கேட்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

அடுத்தது சத்தத்தின் கணக்கு. நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றுகிறது. ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கிராங்க் விநாடிக்கு 15 முறை சுற்றும். ஒரு வால்வு விநாடிக்கு ஏழரை முறைதான் திறக்கும். தளர்ந்த டேப்பட் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே கூடிப்போன இடைவெளி), சிலிண்டர் ஒன்றிலிருந்து கசியும் புகை, பிளக் ஒயரிலிருந்து தாவும் மின்பொறி ஆகிய எல்லாமே இந்த அரைவேகக் கணக்கில் வருபவை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தட்டலோ கிராங்கின் முழுவேகத்தில் வரும். பயப்பட வேண்டிய சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளக்கூடிய சத்தத்தையும் பிரிக்கும் முதல் கோடு இது என்பதால், மெக்கானிக்குகள் பலர் இதைச் சோதிக்காமலேயே “பேரிங்” என்று சொல்லிவிடுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

விநாடிக்கு ஏழரையையும் பதினைந்தையும் காதால் எண்ணுவது கடினம்தான். அதற்குத்தான் டைமிங் லைட் இருக்கிறது. இக்னிஷன் டைமிங் வைக்கப் பட்டறைகளில் பயன்படுத்தும் அந்த விளக்கின் கவ்வியை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினால், பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள உங்கள் வண்டியில் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது மின்னும். மின்னலைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கேளுங்கள். ஒரு மின்னலுக்கு ஒரு ‘டிக்’ என்றால் அரைவேகம், ஒன்றுக்கு இரண்டு என்றால் முழுவேகம். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் இரண்டு பிளக்குக்கு ஒரு காயில் வைத்த பிற்காலக் கார்களில் விளக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் மின்னும். அங்கே இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, வேட்டி நுனி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. சூடு ஏறியதும் சொல்லாமல் சுழலத் தொடங்கிவிடும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினின் ஓரிடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதை ஒட்டிய எலும்பில் அழுத்தினால் அந்த இடத்தின் ஒலி தெளிவாகக் கேட்கும். மெக்கானிக்குகளின் ஸ்டெதாஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. வால்வு மூடியின் மேல் ஒவ்வொரு வால்வுக்கும் நேராகவும், பிறகு சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டிலும், கீழே ஆயில் தேங்கும் சம்ப்பிலும், ஆல்டர்நேட்டரிலும் வாட்டர் பம்பிலும் வைத்துக் கேளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் உலோகத்தின் வழியாக வரும் தட்டலை மட்டுமே காட்டும்; காற்றோ புகையோ கசியும் சத்தத்தில் அது நம்மை ஏமாற்றிவிடும். அதற்கு ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறு முனையை மேனிஃபோல்டு (இன்ஜினோடு இணைந்த காற்று, புகைக் குழாய்த் தொகுப்பு) ஓரமாக நகர்த்தினால் கசியும் இடத்தில் சத்தம் சட்டென்று உரத்துக் கேட்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அதாவது மெல்லிய சத்தம், ஐடிலில் தெளிவு, வேகத்தில் மறைவு, சூடானபின்னும் போகாமை ஆகியவற்றை ஒன்றாக வைத்தால், டேப்பட் இடைவெளி கூடியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆறும் தளர்ந்திருந்தால் தையல் மிஷின் ஓடுவதுபோல் இடைவிடாமல் கேட்கும். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் தனித்தனி ‘டிக்’ ஆகவே கேட்கும். நீங்கள் சொல்வது இரண்டாவதைப் போல் இருக்கிறது.

டேப்பட் செட்டிங்கை இன்ஜின் முழுதும் குளிர்ந்த நிலையில் செய்வது எளிது. ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டால் கையால் சுற்ற இலகுவாக இருக்கும். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டோ, நான்காவது கியரில் வைத்து வண்டியை முன்னால் தள்ளியோ சுற்றலாம். வேலை பார்க்கும் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடி, பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் மேலே வந்து நிற்க வேண்டும். அந்த நிலையில் இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்தால் லேசாக ஆடும். ஆடாவிட்டால் தவறான சுற்றில் நிற்கிறீர்கள் என்று பொருள், இன்னும் ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். மூன்று சிலிண்டர் என்பதால் அடுத்த சிலிண்டரின் முறை 240 பாகைக்குப் பிறகு வரும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டால், ரோட்டார் எந்த ஒயரின் முனையை நோக்கி நிற்கிறது என்பதைப் பார்த்தே எந்தச் சிலிண்டரின் முறை என்று தெரிந்துகொள்ளலாம்.

குளிர்ந்த இன்ஜினுக்கும் சூடான இன்ஜினுக்கும் இடைவெளி அளவு வேறு வேறு. உள்ளே காற்று இழுக்கும் வால்வுக்கும் புகைபோக்கும் (எக்ஸாஸ்ட்) வால்வுக்கும்கூட வேறுபடலாம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவை மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் மனப்பாடமாகச் சொல்லும் எண் வேறொரு காருக்கு உரியதாக இருக்கலாம். அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் வைப்பது வழக்கம். அந்த அளவை மாருதியில் வைத்தால் தெருமுனைக்கே கேட்கும். (அம்பாசடரில் டேப்பட் வைத்துப் பழகியவர்களுக்கு ‘ஒன்பது கணக்கு’ நினைவிருக்கும்: எட்டாவது வால்வு முழுதும் திறந்து நிற்கும்போது முதலாவதை வைப்பது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை வைப்பது. எட்டு வால்வு இன்ஜினுக்கான அந்தக் கணக்கு ஆறு வால்வு உள்ள இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது.)

இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்து இழுக்கும்போது லேசான பிடிப்பு இருக்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கினால் அதிகம், இழுக்கவே வராவிட்டால் குறைவு. அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் நட் இறுகும்போது ஸ்க்ரூவையும் சற்றே இழுத்துக்கொண்டு போகும். பாதிப் பேர் செட்டிங் வைத்த அன்றே மறுபடி சத்தம் வருகிறது என்று சொல்வதற்கு இந்த ஒரு சோம்பல்தான் காரணம்.

செட்டிங் சரியாக வைத்த பிறகும் ஒரு வால்வு மட்டும் தட்டினால், ராக்கர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவின் முனை, வால்வு தண்டின் முனை, கேமைத் தொடும் ராக்கர் முகம் ஆகிய இடங்களில் பல ஆண்டு ஓட்டத்தில் சிறு குழி விழும். ஃபீலர் கேஜின் தட்டையான தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் அதன் விளிம்புகளின் மேல் பாலம் போல் உட்கார்ந்துவிடுவதால், கேஜ் சரியான அளவைக் காட்டும்போது உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும். விரல் நுனியால் தடவினாலே அந்தப் பள்ளம் தெரியும். ராக்கரை மேலும் கீழும் இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டிப் பார்த்தால் ராக்கர் ஷாஃப்டில் தேய்மானம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஷாஃப்டின் ஆயில் துளைகள் கரிப்பிசின் படிந்து அடைத்திருந்தால் அந்த ஒரு ராக்கர் மட்டும் உலர்ந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். மற்றவை ஆயிலில் நனைந்து பளபளக்கும். வால்வு மூடியைத் திறந்ததும் முதலில் இந்த நிற வேறுபாட்டைப் பார்த்துவிடுங்கள்.

டேப்பட் இல்லையென்றால் அடுத்து நான் சந்தேகிப்பது புகைக் கசிவை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் எரிந்தோ, ஒரு ஸ்டட் உடைந்தோ இருந்தால், சிலிண்டர் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கு வழியாகப் புகை பீறிட்டு டேப்பட் சத்தத்தைப் போலவே ‘டிக்’ என்று ஒலிக்கும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளே இதில் ஏமாறுவது உண்டு. வேறுபாடு சூட்டில் இருக்கிறது: குளிர்ந்த ஸ்டார்ட்டில் உரக்கக் கேட்டு, உலோகம் விரிந்து இடுக்கு மூடியதும் சில நிமிடங்களில் குறைவது கசிவின் குணம், மேட்டில் ஏறும்போதும் முழு ஆக்ஸிலரேட்டரிலும் அது கூடும். கசியும் இடத்தைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே, சூடாவதற்குள், சந்தேகமான இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தால் குமிழி எழும். இன்னொருவர் தடித்த துணியைச் சுருட்டி சைலன்சர் முனையை ஓரிரு விநாடி பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடிச் சத்தம் உரக்கும். டேப்பட் சத்தத்தில் அப்படி மாற்றம் வராது.

பிளக் ஒயர் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது: இருட்டில் போனட்டைத் திறந்து பாருங்கள். ஒயரின் உறை வெடித்திருந்தால் நீலப் பொறி பக்கத்து உலோகத்துக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். அதோடு ஒவ்வொரு பிளக்கும் இறுகியிருக்கிறதா என்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். தளர்ந்த பிளக் அடியிலிருந்து கம்ப்ரஷன் கசிந்தாலும் இதே சத்தம்தான்.

உங்கள் வண்டியில் கேம் ஷாஃப்டின் அசைவில் இயங்கும் மெக்கானிக்கல் ஃப்யூல் பம்ப் இருக்கிறது. அதன் லீவர் தேய்ந்தாலும் அரைவேகத்தில் தட்டும். ஸ்க்ரூ டிரைவரைப் பம்பின் உடலில் வைத்தால் தெரிந்துவிடும். ஆல்டர்நேட்டரைச் சுழற்றும் பெல்ட்டை (பழக்கத்தில் ஃபேன் பெல்ட் என்பார்கள்) ஒரு அரை நிமிடம் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்துச் சத்தம் நின்றால் ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப், பெல்ட் ஆகியவற்றில் ஒன்று காரணம். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். இதைப் படிக்கும் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிக்காரர்களுக்கு ஒரு சொல்: இன்ஜெக்டர்கள் இயல்பிலேயே ‘டிக் டிக்’ என்றுதான் ஓடும். இன்ஜின் வேகத்தைக் கூட்டியும் சத்தத்தின் வேகம் மாறவில்லை என்றால், பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வின் சத்தமாக இருக்கலாம். அதன் கனெக்டரைக் கழற்றினால் உடனே நிற்கும்.

இனி முதல் மெக்கானிக் சொன்ன பேரிங் விஷயம். கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்தால் வரும் சத்தம் கனமானது, கீழே பிளாக்கிலும் சம்ப்பிலும் உரக்கக் கேட்பது. இன்ஜினை ஓரளவு வேகத்தில் சீராக வைத்து, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் அந்தக் கணத்தில் தடதடவென்று எழும்; பாரம் ஏற்றினால் கூடும்; சூடாகி ஆயில் நீர்த்ததும் இன்னும் கூடும். பிஸ்டன் பின் தேய்ந்தால் சத்தம் அதைவிட மெல்லியது; ஐடிலில் அடுத்தடுத்து இரண்டு தட்டலாகக் கேட்கும். பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம் காலைக் குளிரில் அதிகமாகவும் சூடானபின் குறைவாகவும் இருக்கும். இவற்றைப் பிரித்தறிய ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்கையும் முறைவைத்துச் செயலிழக்கச் செய்து பார்ப்பார்கள். குறிப்பிட்ட ஒரு சிலிண்டரின் வெடிப்பை நிறுத்தியதும் சத்தம் குறைந்தாலோ மாறினாலோ கோளாறு அந்தச் சிலிண்டரின் பிஸ்டனிலோ ராடிலோ இருக்கிறது; தளர்ந்த டேப்பட் வெடிப்பு நின்றாலும் தட்டிக்கொண்டேதான் இருக்கும். பிளக் ஒயரை வெறும் கையால் இழுக்காதீர்கள்; உறையிட்ட இடுக்கியால் எடுத்து, அதன் முனையை இன்ஜின் உடலோடு எர்த் செய்துவிடுங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டிகளில் எரியாத பெட்ரோல் உள்ளே போய் அதைக் கெடுக்கும் என்பதால், பிளக்குக்குப் பதிலாக அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுவதே சரி.

ஆயில் விளக்கு எரியவில்லை என்பதை அதிகம் நம்ப வேண்டாம். அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போகும்போதுதான் அந்த ஸ்விட்ச் விளக்கை எரிக்கிறது. ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜை மாட்டி, சூடான ஐடிலில் அளந்து மேனுவலோடு ஒப்பிட்டால், பேரிங்குகளின் நிலை ஓரளவு தெரிந்துவிடும். இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம், அதற்கு முன் இந்த ஒரு அளவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு பட்டறைக்குப் போவதே நல்லது.

இரண்டாமவர் சொன்ன கெட்டி ஆயிலைப் பற்றி என் கருத்து கடுமையானது. கூடிப்போன டேப்பட் இடைவெளியை எந்த ஆயிலாலும் மூட முடியாது. கெட்டி ஆயில் தட்டலைச் சற்று மந்தமாக்கும். அதே நேரத்தில் காலை ஸ்டார்ட்டில் மேலே ராக்கர்களுக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுத்துக்கொண்டு, அங்கே தேய்மானத்தைக் கூட்டும். மேனுவல் அனுமதிக்கும் தரங்களுக்குள் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள இன்ஜின்களின் கதை வேறு: அங்கே இடைவெளியை ஆயில் அழுத்தமே மூடுவதால், அழுக்கு ஆயிலை மாற்றிச் சரியான தரத்தை ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டினாலே ஒட்டிக்கொண்ட லிஃப்டர் விடுபட்டுச் சத்தம் நின்றுவிடுவது உண்டு. இருபது ஆண்டு கரிப்பிசின் படிந்த இன்ஜினில் ஃப்ளஷ் மருந்து ஊற்றுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெயர்ந்து வரும் படிவு சம்ப்பிலுள்ள சல்லடையை அடைத்தால், இல்லாத பேரிங் கோளாறு உண்மையாகவே வந்துவிடும்.

சத்தத்தை அடக்க வேண்டும் என்பதற்காக இடைவெளியை மேனுவல் அளவுக்கும் கீழே இறுக்கச் சொல்லாதீர்கள். மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டைச் சீட்டிங் (அது மூடும்போது அமரும் வளையம்) வழியாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி போதாமல் அது முழுதும் மூடாவிட்டால் ஓரம் எரிந்து கம்ப்ரஷன் போய்விடும். தட்டும் வால்வைவிட இறுகிய வால்வே ஆபத்தானது, அது எந்தச் சத்தமும் போடாமல் எரியும். எல்பிஜி கிட் போட்டு ஓட்டும் பழைய கார்களில் எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டிங் தேய்ந்து, வால்வு உள்ளே ஏறி, இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வருவது உண்டு. அத்தகைய வண்டிக்காரர்கள் சத்தம் கேட்காவிட்டாலும் செட்டிங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இது. ஆயில் அளவைப் பாருங்கள். காலைக் குளிரில் ஒருமுறை, சூடானபின் ஒருமுறை சத்தத்தைக் கேளுங்கள். டைமிங் லைட்டோடு கணக்கை உறுதிசெய்யுங்கள். அரைவேகம் என்றால் வால்வு மூடியைத் திறந்து, எதையும் திருப்புவதற்கு முன் ஆறு வால்வுகளின் இடைவெளியையும் அளந்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மூடியின் கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள், பழையது பெரும்பாலும் ஆயில் கசியும். பிறகு செட்டிங் வையுங்கள். அந்தத் தாளை வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருங்கள். அடுத்த செட்டிங்கில் அதே ஒரு வால்வு மட்டும் மறுபடி தளர்ந்திருந்தால் அதன் கேமோ ராக்கரோ தேய்ந்துகொண்டிருக்கிறது, அந்த ராக்கரை மாற்ற வேண்டியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று இறுகியிருந்தால் அதன் சீட்டிங் தேய்கிறது, கம்ப்ரஷன் எடுத்துப் பார்த்துவிட்டு ஹெட்டைத் திறப்பதா என்று முடிவு செய்யலாம்.